மூன்றாவது அருவி வரைக்கும்

மூன்று அருவியையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று நான் சொன்னபோது, என் கணவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. முதல் அருவிக்குத் தார் ரோடு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்துவிடலாம் என்றுதான் அவர் சம்மதித்திருந்தார். நான் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டேன்.

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பு காவேரிப்பட்டினத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஓசூருக்குத் திரும்பும்போது, சூளகிரிக்குப் பக்கத்தில் பைக் சறுக்கிப் பின்னால் வந்த லாரியின் கீழே கால் போய்விட்டது. வண்டியை ஓட்டியது என் கணவர். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்த விபத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சுக்குப் பதிலாக வேலை செய்தார். தண்ணீர்க் குடத்தை நான் தொடும் முன்பே தூக்கிவிடுவார். மாடியில் துணி காயப்போட விடமாட்டார். சாப்பிட்ட தட்டைக்கூட என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். எல்லாம் பிரியத்தில்தான். ஆனால் அந்தப் பிரியத்துக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு மூச்சு முட்டியது.

ஒருநாள் எங்கள் மகள் போனில் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறவள். "எங்கம்மாவால நடக்க முடியாது இல்ல, அதனால நாங்க எங்கயும் போறதில்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது.

மறுவாரத்திலிருந்து அவர் காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும், நான் வேலைக்குப் போகும் முன்பு மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கப் பழகினேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் என்று பிசியோதெரபி பெண் சொல்லித் தந்திருந்தாள். ஏறுவது சுலபம். இறங்குவதுதான் கஷ்டம், அந்தப் பாதம் மடங்காது. மகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். கர்நாடகத்துப் பக்கத்துத் தேசியப் பூங்காவில் வனத்துறை ஆளோடு நடக்கும் பாதை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து எங்கள் மூவருக்கும் பதிவு செய்தவளும் அவள்தான்.

உகாதிக்குக் கம்பெனி லீவு. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா விடியும் முன்பே ஒப்பட்டு என்கிற போளியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதையும் புளிச்சோற்றையும் கட்டிக்கொண்டு ஆனேக்கல் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம்.

பூங்கா வாசலில் வனக்காவலர் என் நடையைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "ஆகல்லா சார்" என்றார். முடியாது என்கிறார். முந்தின நாள் மூன்றாவது அருவியில் யானைக்கூட்டம் தண்ணீர் குடிக்க வந்ததாகவும், வெயில் சாயும் முன்பு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும் என்றும் கன்னடத்தில் விளக்கினார். என் கணவர் உடனே தலையாட்டினார். நான் முன்னால் போய், "ஆகுத்தெ. நான் பர்த்தீனி" என்றேன். முடியும், நான் வருகிறேன் என்று அவர் மொழியிலேயே கேட்டதும் அவர் சற்று யோசித்தார். நேரம் பிந்தினால் இரண்டாவது அருவியோடு திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கேட்டைத் திறந்து எங்களோடு வந்தார்.

போன வாரம் பெய்த கோடை மழையில் காடு அலம்பிவிட்டதுபோல இருந்தது. புங்க மரங்கள் புதுத் தளிர் விட்டு மினுமினுத்தன. முதல் அருவியில் தண்ணீர் அதிகமில்லை, பாறையில் பின்னலைத் தொங்கவிட்டதுபோல ஒழுகியது. நான் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் என் கணவர் எழ விடமாட்டார் என்று தெரியும்.

இரண்டாவது அருவிக்கு ஓடையைக் கடக்க வேண்டும். தண்ணீருக்குள் கல் போட்டிருந்தார்கள். என் கணவர் குனிந்து முதுகைக் காட்டினார். தூக்கிக்கொண்டு போகிறாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கல்லில் கால் வைத்தேன். பாதி தூரத்தில் செயற்கைப் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்த வேகத்தில் ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வரை நனைந்தது. மகள் ஓடி வந்து தோள் கொடுத்தாள்.

கரையில் காலைக் கழற்றினோம். உள்ளே போடும் உறை முழுக்க ஈரம். ஈரத்தோடு நடந்தால் தோல் உரிந்துவிடும். துடைத்துப் பார்த்தபோது எஞ்சிய காலின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கொப்புளம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"போதும். திரும்பிடலாம்."

"இல்ல. நான் போறேன்."

"யாருக்காவ இந்தப் பிடிவாதம்?"

"எனக்காவத்தான்."

நான் அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். மகளுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேறு உறை பையில் இருந்தது. கொப்புளத்தின் மேல் பஞ்சு வைத்து, அதை மாட்டிக்கொண்டேன். காவலர் தன் மூங்கில் கழியை நீட்டினார். வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மெல்லகே பன்னி அக்கா" என்றார். மெதுவாகவே வாருங்கள் என்று அவர் சொன்னதும் எனக்குப் பாதி பலம் வந்தது.

மூன்றாவது அருவி பள்ளத்தில் இருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. கீழே போகச் சரிவான பாறை, பிடிக்க வேர்கள். மடங்காத பாதத்தோடு அதில் இறங்க முடியாது என்பது பார்த்ததுமே புரிந்துவிட்டது. பாறை உச்சியில் உட்கார்ந்து காலை மறுபடி கழற்றி மகளின் பையில் செருகினேன். உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்குவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு முன்னால் இறங்கிய என் கணவர் நாலடி போனதும் நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பிடிக்கக் கையை நீட்டினார். பாதியில் அதை இழுத்துக்கொண்டார். பாறையோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உயரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அன்னிக்கு உன்ன வுட்டுட்டேன்" என்றார். "வண்டி சறுக்கும்போது நான் மட்டும் குதிச்சுட்டேன்."

இரண்டு வருடமாக அவர் வாயை அடைத்துக்கொண்டிருந்தது இதுதான். எனக்கு அந்த நொடி நினைவில் இல்லை. குதித்தாரா, தூக்கியெறியப்பட்டாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மகள் மேலே அசையாமல் நின்றாள். நான் நகர்ந்து அவர் பக்கத்தில் போனேன். அவர் தோளில் கை வைத்தேன்.

"குதிச்சீங்களோ விழுந்தீங்களோ, ரோட்டுல கிடந்த என்னை மடியில வச்சிக்கிட்டு இருந்தது நீங்கதான். அது எனக்கு ஞாபகம் இருக்குது" என்றேன். "இப்ப என்னப் புடிக்க வேணாம். முன்னாடி போங்க. நான் வர்றேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கைகளை ஊன்றி, இடது காலை உதைத்து, பாறை பாறையாக நகர்ந்தேன். சேலை கட்டாமல் மகளின் பேன்ட்டைப் போட்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று. அதன் பின்பக்கம் கிழிந்துவிட்டது, அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

கீழே தண்ணீர் மொத்தமாகக் கொட்டியது. மழையின் மிச்சமெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். மகள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் தோள் கொடுக்க, ஒற்றைக் காலில் அருவிக்குள் போய் நின்றேன். தலையில் விழுந்த கனம் கழுத்தை அழுத்தியது. கொப்புளத்தில் தண்ணீர் பட்டு எரிந்தது. எரியட்டும் என்று நின்றேன். என் கணவர் அழுதாரா, முகத்தில் தண்ணீர்தானா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நானும் அப்படித்தான் நின்றேன்.

காவலர் இரண்டு தடவை விசில் அடித்த பிறகுதான் வெளியே வந்தோம். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு ஏறும்போது வழியில் ஈரம் காயாத யானை லத்தி கிடந்தது. காவலர் அதைச் சுற்றி எங்களை அழைத்துப் போனார். ஏற்றத்தில் நான் அவ்வளவு தாமதமில்லை. ஆனால் வாசலை அடைந்தபோது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். புளிச்சோற்றை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். காவலருக்கு ஒப்பட்டு கொடுத்தேன். நீங்கள் மூன்று அருவியையும் பார்ப்பீர்கள் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் முடிப்பீர்கள் என்று தெரியாது என்றார். மரியாதைக்குச் சொன்ன பொய். வெயில் சாய்ந்து வெகுநேரமாகியிருந்தது.

கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேல் செயற்கைக் கால் போட முடியவில்லை. ஊன்றுகோலோடுதான் வேலைக்குப் போனேன். டாக்டரிடம் காட்டியபோது அவர் கோபப்பட்டார். இந்தக் காலை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகலாமா, கூட வந்தவராவது தடுத்திருக்க வேண்டாமா என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார். வழக்கமாக டாக்டர் முன்னால் கை கட்டி நிற்கிறவர் அவர்.

"அவ போவணும்னு சொன்னா சார். போனோம்" என்றார். பிறகு, புண் ஆற எத்தனை நாள் ஆகும், அப்புறம் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.