உடைபடாமல் கிடக்கிற ராஜா

காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. யாரிடமும் போய்ப் படிக்காமல் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள் செய்ததையெல்லாம் பழைய வீடொன்றின் மூன்று அறைகளில் வைத்திருக்கிறார்கள். மண் குதிரை, கூத்துக்காரர்களின் கட்டைக் கிரீடம், லாரிக்குப் பெயின்ட் அடிப்பவர் தகரத்தில் வரைந்த மயில். நடு அறையில், தரையில் மல்லாந்து கிடக்கிறார் என் தம்பி செய்த ராஜா.

எங்கள் ஊர் தென்னேரிப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து முடிகிற நாள் படுகளம். ஏரி மண்ணைக் குழைத்து, மைதானத்தில் பெரிய ராஜாவைப் படுத்த நிலையில் செய்து வைப்போம். கூத்தில் அவர் தொடையில் அடிபட்டுச் செத்ததும் சனம் உருவத்தை உடைத்து, ஆளுக்கொரு பிடி மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோகும். பொழுது சாய்வதற்குள் ராஜா கிடந்த தடம்கூட இருக்காது. இருக்கவும் கூடாது. உடைக்காமல் விட்டால் செய்தவன் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

வருஷா வருஷம் அதைச் செய்தவன் தம்பி. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை அவனுக்கு. அவன் செய்த எதுவும் மறுநாள் வரை இருந்ததில்லை. அருங்காட்சியகத்துக்காரர்கள் கேட்டதும் ஆளுயரத்துக்கு ஒன்று செய்து கொடுத்தான். "இத மட்டும் யாரும் ஒடைக்க மாட்டாங்களாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த மழைக்காலத்தில் வாலாஜாபாத் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான்.

அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். லாரிக்காரன் தூங்கி வழிந்ததற்கும் மண் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் தொண்டை வறளக் கத்திப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவள்? ராஜா உடைபடாத வரை பிள்ளை போய்ச் சேர மாட்டான், நடுவில் அல்லாடுவான் என்றாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு. கடைசியில் அவளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தேன்.

அங்கே பொறுப்பில் இருந்த அம்மையாரிடம் நேராகவே கேட்டாள். "அத ஒடைச்சிடுங்கம்மா. எம்புள்ள அங்கியும் இல்லாம இங்கியும் இல்லாம அலைஞ்சிக்கினு இருக்கான்."

அவர் மறுத்துவிடுவார் என்று நம்பித்தான் வந்திருந்தேன். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம்.

"குடும்பத்துக்காரங்க வேணாம்னு சொன்னா நாங்க வெச்சிக்க மாட்டோம்மா," என்றார் அவர். "ஆனா அவர் செஞ்சதுல எங்க கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

எங்களிடம் அதுவும் இல்லை. வீட்டில் அவன் போட்டோகூட ஆதார் அட்டையில் இருக்கிறது மட்டும்தான்.

அம்மா நடு அறைக்குப் போய், சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடையில் அடிப்பதற்குக் கையை ஓங்கினாள். அந்த இடத்தில் தம்பி ஈர மண்ணை அமுக்கியவன் மெழுகாமல் விட்டிருந்தான். நாலு விரலும் கட்டைவிரலும் பதிந்து காய்ந்திருந்தன. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளங்களில் வைத்தாள். பொருந்தவில்லை, அவனுடையது பெரிய கை.

"நீ ஒடைடா," என்றாள் என்னைப் பார்த்து.

நானும் போய் உட்கார்ந்தேன். பெற்றவளுக்கு இதைக்கூடச் செய்துகொடுக்க முடியாதா என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனால் கை எழும்பவில்லை. அந்த அம்மையார் சத்தமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"வேணாம்னா வுட்டுடலாமா?" என்று கேட்டேன்.

அம்மா விரல்களை எடுக்கவேயில்லை.

"ஒடைச்சா அவன் கை போயிடும். ஒடைக்காட்டி அவன் போய்ச் சேர மாட்டான். நான் இன்னாடா பண்ணுவேன்?"