ராணிக்குப் போன பெட்டிசம்

மேலிடத்துக்கு எழுதும் மனுவை ஊரில் பெட்டிசம் என்பார்கள். அந்தச் சொல்லின் முழுக் கொடுமையும் எங்கள் பெரியப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அங்கத்தைய அரசாங்க அலுவலகத்தில், முப்பது வருடம் கிளாக்கராக இருந்த மனிதர். கனடாவில், சென்ட் லோரன்டில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. சுடுதண்ணீர் வராவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்காரனுக்கு போன் எடுப்பார்கள். பெரியப்பா மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதுவார். அதைக் கணினியில் அடிப்பது பதினொரு வயதுக்காரியான என் தலையில் விழும்.

ஒரு சனிக்கிழமை தோழியின் பிறந்தநாளுக்கு உடுத்துக்கொண்டு நின்றேன். "பிள்ளை, ஒரு சின்ன அலுவல்" என்று வந்தார். இந்த முறை கடிதம் இங்கிலாந்து மகாராணிக்கு. ஊரில் சண்டை முடிந்த நாட்களில் காணாமற்போன தன் மகனைத் தேடித்தரச் சொல்லி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராணிக்கு என்ன அதிகாரம் என்பதையெல்லாம் அந்தக் கிழமைதான் வகுப்பில் படித்திருந்தோம்.

"அவவால ஒண்டும் செய்ய ஏலாது பெரியப்பா. மந்திரிமார் சொல்லுறதுக்குத்தான் அவ கையெழுத்து வைக்கிறவ. கனடாவிலயே அப்பிடித்தான். இலங்கை இப்ப அவவின்ர நாடும் இல்லை."

"நான் வேலைக்குச் சேரேக்கை எங்களுக்கும் அவதான் ராணி. கவர்னர் பிழைவிட்டா முடிக்கு, அதான் ராணிக்கு, எழுதுறதுதான் ஒழுங்கு. எங்களைக் கேளாமல் நாட்டை ஆரிட்டையோ குடுத்திட்டுப் போனவை, அவைக்குப் பொறுப்பில்லையோ?"

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, "அண்ணை, இது செவிடன் காதில சங்கூதுற வேலை. பிள்ளையைப் போக விடுங்கோ" என்றார். பெரியப்பா கேட்டால்தானே!

நாலு மணித்தியாலம் அடித்தேன். முடி எப்போது தீவைப் பிடித்தது, கவர்னர்மாரை யார் நியமித்தது, அவர்களுக்கு மேலே யார் விசாரிப்பது என்று இரண்டு பக்கம் ஓடியது. ஒரு கமா பிழைத்தாலும் திரும்ப அடிக்க வேண்டும். கவர்னர்மார் எல்லோரும் வந்து போன பிறகு, கடைசியில் நாலே நாலு வரியில் மகன் வந்தார். வயது, உயரம், இடது புருவத்தில் தழும்பு, கடைசியாகக் கண்ட இடம். நான் கண்டேயிராத அந்த அண்ணாமீதுகூட எனக்குக் கோபம் வந்தது. பிறந்தநாள் கேக் எப்போதோ வெட்டியாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தடித்த வெள்ளை உறை. யாரோ ஒரு செயலாளர் எழுதியிருந்தார். மகனைப் பற்றி அறிந்து மகாராணி வருந்துகிறார், ஆனால் அரசியலமைப்புப்படி இதில் அவர் தலையிட முடியாது. கிட்டத்தட்ட நான் சொன்னதேதான்! வெற்றி எனக்கு என்று குதித்தேன்.

"நான் அப்பவே சொன்னனான்தானே! ஏலாது எண்டு போட்டிருக்கினம்."

"ஓம் பிள்ளை. ஏலாது எண்டுதான் போட்டிருக்கினம்."

சொல்லிவிட்டு நின்றபடியே இன்னொரு தரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். லொங்குய்யில் இருந்த சித்தப்பாவுக்கு போன் எடுத்து, "பதில் வந்திட்டுது" என்று மட்டும் சொன்னார். என்ன பதில் என்று சொல்லவேயில்லை. இந்த மனிதருக்கு ஆங்கிலம் மறந்துவிட்டதா என்று எனக்கு எரிச்சல்.

பிறகு சூட்கேசிலிருந்து ஊதிப்போன கோப்பு ஒன்றை எடுத்து வந்து, பதிலை அதில் போடச் சொன்னார். மகனைத் தேடி இலங்கையில் உள்ள அலுவலகங்களுக்கும் மந்திரிமாருக்கும் வருடக்கணக்காக எழுதிய கடிதங்களின் பிரதிகள். மறுத்து வந்த கடிதத்தை யாராவது இப்படிப் பத்திரப்படுத்துவார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு துளை போட்டுக் கோத்தேன்.

அத்தனை தாள்களும் பெரியப்பா எழுதியவை. அவருக்கு எழுதப்பட்டது அது ஒன்றுதான் என்பது என் கண்ணில் படவேயில்லை.