அறை வாங்கியவளுக்குச் சொந்தமில்லாத அறை

“அறை வாங்கினது என் கன்னம்டி! வீடியோ மட்டும் எப்படி அவனுக்குச் சொந்தமாச்சு?” என்று மகள்மேல் பாய்ந்தாள் அழுமூஞ்சி அக்கா.

டிவி தொடர்களில் வேலைக்காரியாக வந்து, அறை வாங்கி அழுவதுதான் அவள் பிழைப்பு. பேர்கூடப் போடமாட்டார்கள். புது இயக்குநர்கள் பார்த்துக் கூப்பிடட்டும் என்று, தான் அழுத காட்சிகளை வெட்டி ஒட்டி இணையத்தில் தன் சேனலில் போட்டிருந்தாள். தொடர் எடுத்த கம்பெனி புகார் கொடுத்து, அதைத் தூக்க வைத்துவிட்டது.

“படம் பிடிச்சது அந்தக் கம்பெனிதானேம்மா. இன்னொரு புகார் வந்தா சேனலே போயிடும்.”

“வீடியோவில இடது கன்னத்தை வலது கன்னமா திருப்பிப் போட்டும் மோப்பம் பிடிச்சுட்டானே, கட்டையில போறவன்! அவன் காட்சியை அவனே கட்டிக்கிட்டு அழட்டும். எனக்குப் புதுசா அழத் தெரியாதா? ஓங்கி ஒண்ணு வைடி.”

“ஐயோ, என்னால முடியாதும்மா.”

“அப்போ கையையாவது தட்டித் தொலை. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிறேன்.”

சமையலறைச் சுவர் முன்னால் நின்று, இருந்த கோபத்தையெல்லாம் கொட்டி அழுதாள். பாதி அழுகையில் டப்பாமேல் சாய்த்து வைத்த போன் சரிந்து விழுந்தது. கண்ணைக்கூடத் துடைக்காமல் கடைக்குப் போய் ஒரு போன் ஸ்டாண்டு கேட்டாள். கடைக்காரன் அறுநூறு என்றான். அவள் போட்ட சத்தத்தில் நானூறுக்குக் கொடுத்தான்.