உட்கார்ந்து பார்த்துப் போட்ட பிளான்

வீடு கட்டுறவங்களுக்கு பிளான் வரைஞ்சு கொடுக்கறது என் தொழில். ஒரு கோடு போடறதுக்கு முன்னாடி, அவங்க இப்ப குடியிருக்கற வீட்டுல போய் ஒரு நாள் பூரா சும்மா உட்காருவேன். செருப்பை எங்க விடறாங்க, துணி எங்க குமியுதுன்னு பார்ப்பேன். வாயால சொல்றதை நம்பறதில்ல. "பூஜை ரூம் பெரிசா வேணும்"பாங்க. பார்த்தா விளக்கேத்தின கையோட டிவி முன்னாடி உட்கார்ந்துடுவாங்க.

வேங்கிக்கால்ல எங்களுக்கே மனை அமைஞ்சப்போ, எங்க வீட்டு ஆளுங்களையும் அப்படித்தான் பார்த்தேன். மாமனார் காத்துக்காக எந்நேரமும் வாசல் ஓரம், அங்க அகலமா சிட்-அவுட். அத்தைக்கு முட்டி வலி, கட்டிலுக்குப் பக்கத்துலயே பாத்ரூம். பௌர்ணமின்னா கிரிவலம் வர்ற சொந்தக்காரங்க மொத்தமும் எங்க வீட்டுலதான் டேரா, அவங்க படுக்க நீளமா ஹால். எல்லாம் போட்டுட்டு, மாடிப்படிக்குப் பின்னாடி எனக்குன்னு ஒரு சின்ன ரூம் வரைஞ்சேன். ஒரு மேஜை, ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். யாரும் கூப்பிடாம ஒரு மணி நேரம் வேலை பார்க்கணும், அவ்ளோதான் என் ஆசை. கல்யாணம் ஆனதுலேர்ந்து அது கிடைச்சதே இல்ல.

பிளானை விரிச்சு வச்சு, எதை எதுக்கு எங்க வச்சேன்னு பெருமையா சொன்னேன். மாமனார் பொறுமையா கேட்டுட்டு, கடைசியில அந்த ரூம் மேல விரலை வச்சார்.

"நானும் உன்னைப் பார்த்துக்கிட்டுதானேம்மா இருக்கேன். எங்க உட்கார்ந்தாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு சமையக்கட்டுக்குத்தான் வந்துடற. இந்த ரூம் வேஸ்ட்டு. அங்கயே மேடையை ஒட்டி ஒரு மேஜை போட்டுக்க."

"கரெக்டா சொன்னீங்கப்பா"ன்னார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. குக்கருக்கும் காபிக்கும் நீங்க கூப்பிடறதாலதானேய்யா ஓடி வர்றேன்! சொல்லியிருக்கலாம். ஆனா செய்யறதைப் பார்த்துதான் பிளான் போடணும்னு அஞ்சு நிமிஷம் முன்னாடி பேசினவளே நான்தான். என் பேச்சாலயே என்னை மடக்கிட்டார், அதுவும் பாசமா. அந்த ரூமை எடுத்துட்டு ஹாலை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

வீடு கட்டிக் குடி வந்தாச்சு. இப்ப சமையக்கட்டுல போட்ட அந்த மேஜைதான் என் ஆபீஸ். பின்னாடி அடுப்பு, முன்னாடி ஹால், நடுவுல நான். கதவு கிடையாது. தண்ணி கேட்கறவங்க, டீ கேட்கறவங்க, சும்மா எட்டிப் பார்த்து "என்ன பண்ற"ங்கறவங்க. மூச்சு முட்டுது. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் சூப்பர் ஐடியாங்கறாங்க.

போன வாரம் கீழ்பென்னாத்தூர்லேர்ந்து ஒரு அம்மா, வீடு கட்ட பிளான் கேட்டு மருமகளோட வந்தாங்க. அந்தப் பொண்ணும் வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கறவ. அந்த அம்மாவுக்கு என் மேஜை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

"எங்க மருமகளுக்கும் இதே மாதிரி போட்டுடுங்க. சமையலைப் பார்த்த மாதிரியும் ஆச்சு."

அந்தப் பொண்ணு குரலைத் தாழ்த்தி, "இங்க உட்கார்ந்தா வேலை ஓடுதாக்கா?"ன்னு கேட்டா.

"அதெல்லாம் ஜோரா ஓடுதும்மா"ன்னாங்க ஹால்லேர்ந்து எங்க அத்தை.

அந்தப் பொண்ணு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. நான் அடுப்பைக் கவனிக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்ல.