மூன்று டிஸ்க், ஒரே பட்டன்

கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசும்போது யாராவது 'ரொம்ப ஈஸிங்க' என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து போய்விடுவேன். ஈஸியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நானும் ஒரு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதன் பலனை அனுபவித்தவன் நான் இல்லை, என் அண்ணன்.

கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடுவார்கள், மூடமாட்டார்கள் என்று வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த பேச்சு முடிந்து, மூடத்தான் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட சமயம் அது. நான் நந்திதுர்க் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். அண்ணன் அதே சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடிக்கிறவன். பூமிக்கு அடியில் பாறையில் துளை போட்டுத் துளை போட்டு, அந்தத் தூசியை இருபது வருஷத்துக்கு மேல் மூச்சில் இழுத்தவன். மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவான். "இன்னாணா?" என்று கேட்டால், "ஷூ கயிறு அவுந்துகிச்சுடா" என்பான். காலில் செருப்புதான் இருக்கும்.

அவனிடம் ஒரு காகிதம் இருந்தது. அவனுடைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து, இது சுரங்கத் தூசியால் வந்த நோய்தான் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். அது கையில் இருந்தால் சுரங்கம் மூடிய பிறகும் ஆஸ்பத்திரியில் தூசி நோயாளி என்று கார்டு கிடைக்கும். கார்டு இருந்தால் மருந்து, ஆக்சிஜன், தேவைப்பட்டால் படுக்கை. இல்லாவிட்டால் அவன் வெறும் இருமல்காரன், வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

இப்படிக் காகிதம் வைத்திருந்தவர்கள் எங்கள் லைன் வீடுகளில் நிறையப் பேர். சிலர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள், சிலர் டிரங்குப் பெட்டியில். மழையில் கூரை ஒழுகினால் அதோடு போயிற்று. அதனால் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். ஒரு அறை, யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். காகிதத்தைக் கொண்டுவந்தால் ஸ்கேன் செய்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவோம். எனக்கு டைப்பிங் தெரியும், மூன்று மாதம் கம்ப்யூட்டர் கிளாஸும் போயிருந்தேன். அந்தத் தகுதியே அப்போது எங்கள் ஊரில் பெரிய தகுதி. மெஷின் என் பொறுப்பில் வந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் கம்ப்யூட்டரின் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு அரைமணி நேரம் திறக்காமல் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. கனரகத் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு உதவ வருவார். வயதில் சின்னவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர்தான் சொன்னார், ஒரே டிஸ்கை நம்பாதீர்கள், மூன்று வேண்டும் என்று. ஒன்று மெஷினில், ஒன்று சங்கத்து பீரோவில், ஒன்று யார் வீட்டிலாவது. பெங்களூரிலிருந்து பழைய டிஸ்க் இரண்டும், மேஜை டிராயர் போல இழுத்துச் செருகுகிற பெட்டிகளும் வாங்கி வந்தார். மூன்றாவது டிஸ்க் என் வீட்டு அரிசி டின்னுக்கு மேலே, துணியில் சுற்றி உட்கார்ந்தது.

பிறகு சாஃப்ட்வேர். ஒரு சிடியில் இரண்டு கொண்டுவந்தார். முதலாவது, ஒவ்வொரு முறையும் தேதி போட்டுத் தனித்தனி நகல் எடுத்து வைக்கும். இந்த வாரத்து நகல், போன வாரத்து நகல், அதற்கும் முந்தினது என்று எல்லாம் அப்படியே கிடக்கும். திரை முழுக்கக் கட்டங்கள், கேள்விகள். எடுத்து முடித்ததும் பார்த்தால் மெஷினில் இருக்கும் எண்ணிக்கை ஒன்று, டிஸ்கில் இருப்பது வேறொன்று. எனக்கு அதைப் பார்க்கவே உடம்பெல்லாம் எரிந்தது.

ஏன் எரிந்தது என்று சொல்ல வேண்டும். டைம் ஆபீஸில் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு, ஒரு போர்டில் வரிசையாக மாட்டியிருக்கும். சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டான கேஜில் இறங்கும்போது ஒரு கணக்கு, ஷிஃப்ட் முடிந்து ஏறும்போது ஒரு கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு டோக்கன் கணக்கில் இடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, எந்த லெவலில் எவன் மாட்டிக்கொண்டான் என்று தேட ஆள் இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு, இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் சோறு இறங்கும்.

இரண்டாவது சாஃப்ட்வேரில் ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் ஓடும். முடிந்ததும் வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டும். அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

"இதான் வேணும். இத்த போடுங்க" என்றேன்.

எஞ்சினியர் தயங்கினார். "சார், இது பேக்கப்னு சொல்ல முடியாதுங்க. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்கும், அவ்ளோதான். இங்க ஒண்ணு அழிஞ்சா அங்கயும் அழிச்சிடும்."

"இங்க எதுக்குங்க அழியுது? நான் இன்னா பூப்பறிச்சிக்கினா கீறேன்?"

"அப்பிடி இல்லீங்க..."

"உங்க ஃபாக்டரில ஆயிரம் பட்டன் இருக்கலாம். எங்களுக்கு ஒண்ணு போதும், போங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, கேட்டபடியே போட்டுக் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் பீரோ டிஸ்கைச் செருகிப் பட்டனை அழுத்துவேன், பிறகு வீட்டு டிஸ்க். இரண்டிலும் பூஜ்யம். நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்கு நடப்பேன்.

அதற்குள் ஆட்கள் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். முதலில் போனவர்கள் சுரங்கத்தில் இறங்கவே முடியாதவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள். அண்ணனும் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தான். கணக்கு முடிக்கிற ஃபைலோடு அசல் மருத்துவக் காகிதத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். அவனுக்கு மனசே வரவில்லை. காகிதத்தை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"குட்த்துட்டா திரும்பி வருமாடா?"

"வந்தா இன்னா வராட்டி இன்னாணா? நம்மகிட்ட மூணு டிஸ்க்ல கீது. குட்த்துடு."

கொடுத்துவிட்டான். நான் சொன்னதால் கொடுத்தான். நான் சொல்லியிருக்காவிட்டால் அவன் அதை உயிர் போனாலும் கொடுத்திருக்கமாட்டான்.

டைம் ஆபீஸில் ஒரு ஆள் வேலையை விட்டு நின்றால், அன்றே அவன் டோக்கனைப் போர்டிலிருந்து கழற்றிவிடுவோம். பழைய லெட்ஜர் அலமாரியில் பத்திரமாக இருக்கும், போர்டில் மட்டும் வேலையில் இருக்கிறவன் நம்பர்தான் இருக்க வேண்டும். கை அதற்குப் பழகியிருந்தது. சங்கத்து மெஷினிலும் டோக்கன் நம்பர் போட்டுத்தான் ஆளுக்கொரு ஃபோல்டர் வைத்திருந்தேன். நின்றவர்களின் ஃபோல்டர்களை மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக் கழற்றினேன். மெஷின்தான் போர்டு, மற்ற இரண்டு டிஸ்கும் லெட்ஜர் என்று எனக்கு நானே ஒரு சட்டம். அண்ணனுடைய நம்பரையும் கழற்றினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

சனிக்கிழமை பட்டனை அழுத்தினேன். இத்தனை ஃபைல்கள் நீக்கப்படும், சரியா என்று அது இங்கிலீஷில் கேட்டது. எப்போதும் ஏதாவது கேட்கிற பெட்டிதானே என்று படிக்காமலே சரி என்றேன். வீட்டு டிஸ்குக்கும் அதே சரி. டைம் ஆபீஸில் கணக்கு இடித்தால் காணாமல் போனவனைத் தேடிக் கொண்டுவருவோம். இருக்கிறவனைத் தூக்கி எறிந்தும் கணக்கைச் சமன் செய்யலாம் என்று என் புத்திக்கு எப்படி எட்டும்? எட்டியிருக்க வேண்டும். ஒருவர் வாய்விட்டுச் சொல்லியே இருந்தார்.

நாலைந்து மாதம் கழித்து அண்ணனுக்கு மூச்சு ரொம்ப மோசமானது. கார்டு வாங்கப் போனபோது காகிதமோ அதன் நகலோ கேட்டார்கள். ஆபீஸில் கொடுத்த ஃபைல் எந்தக் கட்டில், எந்த அறையில் இருக்கிறது என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. "தம்பிகிட்ட கீது, எட்த்துக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். நான் தெம்பாகச் சங்கத்துக்குப் போனேன். பீரோ டிஸ்கில் அவன் நம்பர் இல்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து மற்றதை எடுத்துப்போய்ச் செருகினேன். அதிலும் இல்லை. வேலையை விட்டு நின்றவர்களில் ஒருவர் காகிதம்கூட எதிலும் இல்லை. நோய் முற்றியவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து அழித்திருந்தேன்.

எஞ்சினியர் வந்து ஒரு ஞாயிறு முழுக்க மூன்று டிஸ்கோடும் மல்லுக்கட்டினார். அதே இடத்தில் வேறு ஃபைல்கள் ஏறிவிட்டன, மீட்க வழியில்லை என்றார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாள் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவன் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்திலெல்லாம் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. கவுன்டரில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று, அங்கிருந்தவரிடம் அவன் பெருமையாகச் சொன்னான்:

"எந்தம்பிங்க இவன். கம்ப்யூட்டர்ல மூணு எடத்துல வெச்சிக்கிறான். குட்றா, காட்டு."

என் கையில் ஒன்றும் இல்லை. "இல்லணா. ஆபீஸ்காரங்க தொலைச்சிட்டாங்க. நம்ம டிஸ்க்கும் கெட்டுப்போச்சு" என்றேன். டிஸ்க் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.

புதிதாக எக்ஸ்ரே எடுத்தார்கள். வேறு டாக்டர் பார்த்தார். பீடிப் பழக்கத்தால் வந்த நெஞ்சுச்சளி என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் வாழ்நாளில் பீடி தொட்டதில்லை. கார்டு கிடைக்கவில்லை. பொது வரிசையில் நின்று நின்றே அடுத்த மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தான். கடைசி வாரம்வரை ஆபீஸ்காரர்களை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமாம் போட்டேன். "இவன் இன்னா பண்ணுவான், பாவம்" என்று அண்ணியிடம் என்னைக் காட்டிச் சொன்னான்.

அண்ணியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், ரேஷன் கார்டோ, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டோ, அவள் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து கொடுக்கிறாள், பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி.