செய்தி நேரத்தில் கரண்ட் கிடையாது

பொழுது சாயத் தொடங்கியதும் விடுதிக்காரர் டோன் ஆபெல் எழுந்து போய் இன்வெர்ட்டரை அணைப்பார். மேல்ஏரி விடுதியின் ஒரே பல்பு அவிந்துபோகும். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன்கள் எல்லாம் பாதிச் சாப்பாட்டில் கைகழுவும்.

"ஐயோ, அணைச்சுட்டீங்களே!" என்று அலறினாள் மிகாயேலா, தலைநகரிலிருந்து மலையேற வந்தவள்.

"சிக்னலே இல்லாத மலையில போனுக்கு எதுக்கும்மா தீனி? செய்தி முடியட்டும், போட்டுவிடுறேன்."

இன்வெர்ட்டர் ஓடினால் அவருடைய பேட்டரிக்கட்டை ரேடியோவில் கொரகொரவென்று இரைச்சல்தான் கேட்கும். போன் எட்டாத பண்ணைகளுக்கு ஊர்க்காரர்கள் சொல்லியனுப்பும் சேதிகளை மாகாண வானொலி அந்த நேரத்தில்தான் வாசிக்கும். "நான் வானிலைக்காகத்தான் கேக்குறேன்" என்பார் ஆபெல். வானிலை முதலிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகும் மாத்தே என்னும் இலைத்தேநீர் ஊற்றிய சுரைக்குடுவையைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

சும்மா உட்காரவும் மாட்டார்.

"ஆற்றங்கரை ரமோனுக்கு: கோவேறு கழுதை கிடைத்துவிட்டது" என்று வானொலி சொன்னால், "எவன் தோட்டத்துல கிடைச்சுதுன்னு சொல்றாங்களா பாரு!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். யார் வீட்டில் குழந்தை, எவன் யாரிடம் முறைத்துக்கொண்டான் என்பதெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்காமலே அவருக்கு அத்துப்படி.

அவர் மனைவி எல்சிரா முட்டி ஆபரேஷனுக்காகக் கோடையின் தொடக்கத்தில் நகரத்துக்கு, மகள் வீட்டுக்குப் போனாள். குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் வீடு அது. குதிரை ஏறும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்: "மனசு இருந்தா வரேன். இல்லேன்னா உங்க மலையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க." அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆபெல் தாடி வளர்த்தார். கேட்டால், குளிருக்கு இதம் என்றார். அவர் சுடும் ரொட்டியைப் பாறை என்று விருந்தாளிகள் கிண்டல் செய்தார்கள். அவள் வராமலே போய்விடுவாளோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, யாரோ ஒருவருடைய டிராக்டர் உதிரிப்பாகத்துக்கு அடுத்தபடியாக, அறிவிப்பாளர் அதே உப்புச்சப்பில்லாத குரலில் வாசித்தார்: "மேல்ஏரி விடுதி ஆபெலுக்கு, எல்சிரா. முட்டி தேவலை. சனிக்கிழமை பாலத்துக்கு வருகிறேன். சாதுக் குதிரையைக் கொண்டு வரவும், அந்தக் கிறுக்குக் குதிரை வேண்டாம். தாடி விட்டிருப்பீர்கள் என்று தெரியும். எடுத்துவிட்டு வரவும்."

கூடமே கைதட்டிச் சிரித்தது.

"ஊரே கேக்குற ரேடியோவுல பேசுற பேச்சைப் பாரு! வெக்கங்கெட்டவ!" என்று வைதுகொண்டே ஆபெல் வெளியே போனார். ரேடியோவை நிறுத்தக்கூட இல்லை. அது பாட்டுக்கு யாருக்கோ ஆட்டு மருந்து பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

இருட்டத் தொடங்கியது. விருந்தாளிகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள்.

"டோன் ஆபெல்! செய்தி முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? கரண்ட்!" என்று கத்தியபடி மிகாயேலா கதவைத் திறந்தாள்.

முற்றத்துக் கம்பத்தில் கண்ணாடியை மாட்டி, மிச்சமிருந்த வெளிச்சத்தில், கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு அவர் தாடியை மழித்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கே!"

ஆபெல் தாடையை உயர்த்தி, கழுத்தோரம் கத்தியை மெல்ல இழுத்தார்.