மல்லாட்டைக் கிடங்கின் மாடி

திண்டிவனம் கடைத்தெருவில் நான் டைப்ரைட்டிங் படித்த கட்டிடத்தை அம்மா கடைசிவரை ‘கிடங்கு’ என்றே சொல்லிவந்தார். அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியாக இருந்த காலத்தில், கிளியனூரிலிருந்து போய் அதன் பின்கட்டில் உட்கார்ந்து கூலிக்கு மல்லாட்டை உடைத்தவர் அவர். மண்டி நொடித்த பிறகு மண்டிக்காரரின் மகன் கீழே ஜவுளிக்கடை வைத்தார். மூட்டை அடுக்கிய மாடியை டைப்ரைட்டிங் வகுப்புக்கு வாடகைக்கு விட்டார். எண்பதுகளின் நடுவில், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்த நான் அங்கே சேர்ந்தேன். முதல் பரீட்சையான லோயரைப் பாஸ் செய்தால் ஏதாவது ஆபீஸுக்கு எழுதிப்போடலாம். இல்லையென்றால் கரும்பு வெட்டத்தான் போகவேண்டும்.

மாடித்தளம் மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்டது. மூட்டைகள் அதன்மேல் சும்மா கிடந்தன. நாங்கள் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து தட்டும்போது தளம் அதிர்ந்து, கீழே சுண்ணாம்பு கொட்டியது.

பரீட்சை நெருங்கிவிட்ட சமயம், ஜவுளிக்கடை முதலாளி ஒரு மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவையைக் கையில் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தார். புடவையெங்கும் வெள்ளைப் பொடி.

“மாஸ்டரே, இத இன்னான்னு சொல்லி விக்கிறது? கோலமாவு டிசைனுன்னா? நாளையிலேர்ந்து வேற எடம் பாத்துக்குங்க.”

எப்படித்தான் தைரியம் வந்ததோ, நான் எழுந்துவிட்டேன்.

“பரீட்ச முடியிற வரைக்கும் விட்டுக்குடுங்க மொதலாளி. எங்கம்மா இங்கதாங்க மல்லாட்டை ஒடைச்சாங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கம்மா மல்லாட்டய ஒடைச்சாங்க. நீ என் கூரைய ஒடைக்கிற. சரியாப் போச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் புடவையை உதறிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். “வாசல்ல பூட்டு தொங்கினா திரும்பி வா. அதுக்கு முன்னாடியே ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற?” என்றார் அம்மா.

காலையில் போனேன். கடைக்குள் ஏணி போட்டிருந்தது. கடையாள் மேலே நின்று, கூரைக்கு அடியில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை காடாத்துணியைப் பந்தல்போல இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முதலாளியே ஏணியைப் பிடித்திருந்தார்.

புடவை எடுக்க வந்த அம்மாள் ஒருவர் கேட்டார்: “இன்னாங்க, கடையில கல்யாணமா?”

“ஆமாங்க. மாப்பிள்ளைங்க மேல கீறாங்க. தோ, ஒருத்தர் லேட்டா வர்றாரு பாருங்க” என்று என்னைக் காட்டினார் முதலாளி. “போய்யா, ஜல்தி போய் உக்காரு.”

வாராவாரம் அந்தத் துணியை அவிழ்த்து, அதில் விழுந்த சுண்ணாம்பை உதறி மறுபடி கட்டினார்கள். ஒருநாளும் அவர் எங்களிடம் முகம் சுளிக்கவில்லை. விழுப்புரத்தில் பரீட்சை எழுதினேன். பாஸ்.

விஷயம் கேட்டதும் அம்மா என்னோடு புறப்பட்டு வந்தார். பின்பக்கம் போகப் பார்த்தவரை முதலாளி முன்வாசலிலேயே கூப்பிட்டார். “வாங்கம்மா, உள்ள வாங்க.”

உள்ளே வந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். “இன்னொரு பரீட்ச கீதாமே. அதுக்கும் இவன் இங்க வரலாங்களா?”

“ஹையரா? அதுக்கு இன்னும் வேகமாத் தட்டுவானேம்மா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு கடையாளைப் பார்த்துத் திரும்பினார். “டேய், இன்னொரு பீஸ் காடா எடுடா. ரெட்டையாக் கட்டிடலாம்.”